பொம்பளைச் சீக்குன்னு பேரு

பேசாதம்மா, தலைய மட்டும் ஆட்டு. மூஞ்சில போட்ட பேக் காயறதுக்குள்ள வாய அசைச்சா கோடு கோடா வெடிச்சிடும். நாளைக்குக் கல்யாணப் பொண்ணு நீ. பேச்சுக்குத்தான் நான் இருக்கேனே, இந்த பார்லர்ல என் வாய் ஓயவே ஓயாது.

எனக்குக் கல்யாணம் ஆச்சான்னு அப்போ கேட்டல்ல? ஆச்சு. முடிஞ்சும் போச்சு.

அந்தாளு கம்பெனி வேலையா ஊர் ஊராப் போவான். ஒரு தடவை போயிட்டு வந்தான், கொஞ்ச நாள்ல எனக்கு அடிவயித்து வலி. ஒன்னுக்குப் போனா எரிச்சல்ல உயிரே போகும். அவன்கிட்ட சொன்னா, தண்ணி ஒத்துக்கலங்கறான். அடப்பாவி, ஊருக்குப் போனது நீ, தண்ணி ஒத்துக்காதது எனக்கா? மாமியாரு வேற, உடம்புச் சூடுடி, குளிர்ச்சியா எதையாவது குடின்னு.

கடைசில லேடி டாக்டர்தான் உடைச்சுச் சொன்னாங்க. கொனோரியா, படுக்கையில ஒட்டிக்கற சீக்கு. புருஷன்கிட்டருந்து வந்திருக்கு, ரெண்டு பேரும் மருந்து சாப்பிடணும்னாங்க. வீட்டுக்கு வந்து கேட்டேன். தொரை இங்கிலீஷ்ல சொல்றாரு, அதெல்லாம் சோஷியல் டிசீஸாம், சமூக வியாதியாம். சமூகத்துக்கா எரிஞ்சுது? எனக்கில்ல எரிஞ்சுது!

ஏன் முழிக்கற? கண்ண மூடிக்கோ. பஞ்சு வைக்கறேன்.

நான் மருந்து சாப்பிட்டேன், அவன் தொடல. ஆம்பளைக்கு எதுக்குடி அதெல்லாம்னு மாமியாரு சப்போர்ட்டு. எனக்குச் சரியாகும், அவன் பக்கத்துல வருவான், திரும்ப ஆரம்பிக்கும். அப்படியே போய் கருக்குழாய் அடைச்சிடுச்சு. இனிமே புள்ள கஷ்டம்னு டாக்டர் சொன்ன அன்னைக்குத்தான் அந்தம்மா வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துச்சு, இவளுக்குப் பொம்பளைச் சீக்குன்னு. கொண்டாந்தது அவன், பேரு எனக்கு! பெட்டியத் தூக்கி வெளிய வச்சாங்க. வயிறு எரிஞ்சு சொல்றேன், அன்னைக்கு ஒருத்தர் கூட அவன ஒரு வார்த்தை கேக்கல.

அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான். இப்ப புதுசா பொண்ணும் பாத்துட்டாங்க.

நீ உள்ள வந்ததும் போன்ல நிச்சயதார்த்த போட்டோ காட்டுனியே, உன் தோள்ல கை போட்டுட்டு நிக்கறாங்களே உன் மாமியாரு? கொஞ்சம் இளைச்சுட்டாங்க. என்கூட இருந்தப்போ நல்லா குண்டா இருப்பாங்க.

பஞ்ச எடுக்காத. அவனுக்கு இது முதல் கல்யாணம்னா சொன்னாங்க? ம். சொல்லுவாங்க.

உன் மேல பாசத்துல சொல்றேன்னு நினைச்சுக்காத. உன்ன எனக்கு யாருன்னே தெரியாது. நாளைக்கு அவன் மாலையும் கழுத்துமா தனியா நிக்கணும். பொண்ணு ஏன் வரலன்னு அத்தன பேரும் கேக்கணும். அதுக்குத்தான் சொன்னேன்.

ஏம்மா, எங்க எந்திரிக்கற? இரு, இரு, மூஞ்சியாவது கழுவிட்டுப் போ.