அழகுமலைக்கு ஒரு மறுப்பு வீடியோ

வெறுந்தரையில் காலை வைத்தால் எனக்குத் தும்மல் வந்துவிடும், இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் ஸ்டேஷனில் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். நடுநடுவே நாலு தும்மல் போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் அடிக்கவில்லை, அதட்டவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன். பேசுவதுதானே என் பிழைப்பு.

பேச்சிமுத்து என்றால் திருநகரில் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாது. ‘நேர்ல பாத்தேன்’ சேனல் என்றால் துபாயில் இருப்பவனுக்கும் தெரியும். நாலு லட்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். எந்த நடிகைக்கு யாரோடு பழக்கம், எந்த நடிகர் எந்த ஆஸ்பத்திரியில் ரகசியமாகப் படுத்திருக்கிறார், எல்லாம் நான்தான் சொல்லவேண்டும். நான் சென்னைக்குப் போனது மொத்தம் நாலு தடவை. அதில் இரண்டு கல்யாணம், ஒன்று பல் வைத்தியம். மாடி அறையில் முதுகுக்குப் பின்னால் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டி, பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் ஏழு வருடம் பேசியிருக்கிறேன். நீ எங்கேயப்பா பார்த்தாய் என்று நாலு லட்சத்தில் ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. ஜனங்களைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல எண்ணம் கிடையாது. அந்த எண்ணத்துக்கு அவர்கள் ஒருநாளும் பங்கம் விளைவித்ததில்லை.

இந்தத் தொழிலில் என்னை மாதிரி முப்பது பேர் இருக்கிறார்கள். காலையில் ஒன்றைச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வக்கீல் நோட்டீஸ் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு ‘மன்னிக்கவும் மக்களே’ என்பார்கள். மானங்கெட்ட பிழைப்பு. நான் மறுப்பு போட்டதில்லை. ஒரு ஜோடி பிரியப்போகிறது என்று சொன்னேன். மறுநாளே இருவரும் கையைக் கோத்துக்கொண்டு வந்து, ‘நாங்க நல்லாத்தான் இருக்கோம்’ என்று வீடியோ போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பதினாலு மாதம் கழித்துப் பிரிந்தார்கள். பழைய வீடியோவின் கீழே ‘அன்றே சொன்னேன்’ என்று இரண்டே வார்த்தை போட்டேன். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மனுஷனைப் பற்றி எதைச் சொல்லிவைத்தாலும் என்றைக்காவது நடந்துதான் தீரும்.

இதை நான் கற்றது ஆனையூரில், ஒரு போஸ்டர் கடையில். பதினொரு வருடம் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலி வடிவமைத்தேன். மதுரையில் சாவு என்றால் பிணம் வீட்டுக்கு வருவதற்குள் போஸ்டர் சுவருக்கு வந்துவிட வேண்டும். அதனால் மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும்போதே மருமகன் போட்டோவோடு வந்துவிடுவான். ‘தோற்றம் தேதியப் போட்டு வச்சிருங்கண்ணே, மறைவு தேதிய மட்டும் போன்ல சொல்றேன்’ என்பான். எங்கள் கம்ப்யூட்டரில் எப்போதும் இருபது பேர், பிறந்த தேதி மட்டும் நிரம்பி, காத்திருப்பார்கள். எவரும் இதைத் தப்பென்று சொன்னதில்லை.

சேனலிலும் அதே முறைதான். வயதானவர், நோயாளி என்று அறுபத்து மூன்று நடிகர்களுக்கு இரங்கல் வீடியோ பேசித் தயாராக வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள் வரும்போது, ‘காலமானார், அவருக்கு வயது’ என்கிற இடத்தை மட்டும் புதிதாகப் பேசிச் சேர்ப்பேன். செய்தி வந்த ஐந்தாவது நிமிடம் என் வீடியோ வந்துவிடும். மற்றவன் எல்லாம் அப்போதுதான் தலை சீவிக்கொண்டிருப்பான்.

அந்த வரிசையில் ஒருவர்தான் அழகுமலை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருநூறு படத்தில் அப்பா வேஷம். பாதிப் படத்தில் இடைவேளைக்கு முன்பே மாரடைப்பு வந்து போய்விடுவார். எழுபத்தொரு வயது, நுரையீரல் கெட்டுப்போய் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அங்கே வார்டு வேலை பார்க்கும் விருமாண்டி எனக்குப் பழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டான்.

“அண்ணே, பதினாலாம் பெட்டு முடிஞ்சிருச்சுண்ணே. நாந்தேன் துணியப் போத்துனேன்.”

“மொகத்தப் பாத்தியா?”

“எதுக்குண்ணே பாக்கணும்? மூணு நாளா அவருதான அதுல கெடக்காரு.”

அன்று விடிகாலையில் அழகுமலையைப் பத்தாம் படுக்கைக்கு மாற்றிவிட்டு, பதினாலில் வேறு யாரையோ படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் பேர்கூட எனக்குத் தெரியாது. வீட்டாரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றீர்கள். கேட்டால் அவர்கள் அழுது முடித்து விஷயத்தைச் சொல்வதற்குள் ஊரே வீடியோ போட்டுவிடும். பதினொன்று பத்துக்கு ஏற்றினேன். மத்தியானத்துக்குள் ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பெரியார் நிலையம் பக்கம் அவர் படத்தோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. ஊரிலிருந்து அவர் தங்கச்சி சின்னத்தாய் ஒரு வேன் நிறையச் சனத்தோடும் மாலையோடும் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது, அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தம்மா அங்கேயே மயங்கி விழுந்ததாகச் சொன்னார்கள். மயக்கம் தெளிந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை.

அவர் மகள் தமிழ்ச்செல்வி, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், அப்பா நன்றாக இருக்கிறார் என்று இணையத்தில் எழுதிப் போட்டாள். நான் இரண்டாவது வீடியோ போட்டேன். ‘அழகுமலை மரணத்தைக் குடும்பம் மறைப்பது ஏன்?’ என்று தலைப்பு. ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் அவர் கால் மணி நேரம்கூடத் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதை விருமாண்டி மூலம் வாங்கி, அதையும் அதில் சொன்னேன். இது முதல் வீடியோவை விட நன்றாக ஓடியது.

ஒரு ஆக்சிஜன் மிஷினோடு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த கையோடு, மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, முக்கால் நிமிடம் ஒரு வீடியோ பேசிப் போட்டார். எனக்கு மனப்பாடம்.

“பேச்சிமுத்து தம்பி, நான் செத்துட்டேன்னு சொல்லிட்ட. போகுது, சாகுறது எனக்கு என்ன புதுசா? ஆனா எந் தங்கச்சி நெசம்னு நம்பி அழுதுக்கிட்டு வந்துருச்சுப்பா. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? கேசு கீசு ஒண்ணும் போடல. எம் பக்கத்துல வந்து உக்காந்து, நான் சொன்னது பொய்னு ஒத்த வார்த்த சொல்லிட்டுப் போயிரு. காப்பி தாரேன்.”

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஏழு வருடம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், ஒரே நாளில் அந்தக் கிழவனின் மூக்குக் குழாயைப் பார்க்கப் போய்விட்டது. திருநகர் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சுவரில் என் படம் போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். ‘மறைவு: அழகுமலை எழுந்து உட்கார்ந்த அன்று.’ எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் பழைய கடையில் அடித்தது. அதன் முன்னால் நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அம்மா. வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இவ்வளவு பேருக்கும் சோறு போடுவதுபோல் தினம் செய்தி போட்டேனே, இவர்களுக்கா என்று இருந்தது.

வீட்டுக்குப் போனால் என் மனைவி முத்துமீனாவும் அதையேதான் பாடினாள்.

“போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க? பெரிய மனுசன், காப்பி தாரேங்குறாரு.”

அவளுக்குப் புரியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஏழு வருடத்தில் நான் சொன்ன எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, அது நிஜமா, இது நிஜமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அப்புறம் நான் ஆனையூருக்குப் போய்ப் பழைய நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். என் கையில் இருந்தது ஒரே ஒரு பெயர், பேச்சிமுத்து சொன்னால் நடக்கும் என்கிற பெயர். அதைக் காப்பாற்ற எனக்கு உரிமை இல்லையா?

பதினொரு நாள் பொறுத்தேன். மனுஷன் தேறிக்கொண்டே வந்தார். பதினோராம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன். மறுப்பு சொல்ல வருகிறேன் என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். மகள் கதவைத் திறந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள். அவர்தான் கட்டிலில் இருந்தபடி வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார்.

“வாய்யா, என்னையக் கொன்ன ராசா. வா, வா. ஏத்தா தமிழு, தம்பி வெயில்ல வந்துருக்கு. ரோட்டுக் கடையில சூடா வடை வாங்கிட்டு வா.”

“நீங்க சும்மா இருங்கப்பா. ஒங்கள விட்டுட்டு எங்கிட்டுப் போக?”

“தம்பி இருக்குல்ல. வீட்டுக்கு வந்தவுகளச் சும்மாவா அனுப்புறது?”

அவள் என்னிடம், “அந்த மிஷின் சத்தம் நின்னா ஒடனே எனக்குப் போனப் போடுங்க,” என்று சொல்லிவிட்டு, நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தலை சீவினார். முகத்துக்குப் பவுடர் போட்டார். “நீ இங்கிட்டு உக்காரு, அப்பத்தான் ஒம் மொகத்துல வெளிச்சம் விழும்,” என்று எனக்கு இடம் காட்டினார். சாகக் கிடக்கிற ஆளுக்கு அப்போதும் கேமரா ஆசை. ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னார். “தகவல் பிழை ஏற்பட்டுவிட்டது,” என்றேன்.

“அதென்ன பிழை? பொய்னு சொல்லுப்பா. ரெண்டெழுத்துச் சொல்லு, வாயி நோகுமா?”

“தவறான தகவல், ஐயா.”

“பொய்யி. எங்க, சொல்லு மாப்ள, பொய்யி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விரோதம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் மூன்று தடவை சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

மிஷின் நடுவில் நின்றதைக் கண்டுபிடித்துக் கேட்டபோது உங்கள் ஏட்டய்யாவிடம் முதலில் நான் சொன்னது, என் போனில் சார்ஜ் இல்லை, அந்த அறையில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட், இரண்டு நிமிடம் மிஷினைக் கழற்றிவிட்டுப் போனை மாட்டினேன், விளைவு தெரியாமல் செய்துவிட்டேன் என்று. ப்ளக்கைப் பிடுங்கினது நிஜம். அதற்கு முன்னால் மிஷின் சுவிட்சை அணைத்தேன். சுவிட்சை அணைக்காமல் பிடுங்கினால் அது கூவும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் போனை எடுத்துப் பார்த்து, அப்போது அதில் தொண்ணூற்றொரு சதவீதம் சார்ஜ் இருந்தது என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்கள். ஆமாம், இருந்தது.

அவர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு கையால் மிஷினைக் காட்டினார். கட்டிலுக்கு அந்தப் பக்கம், கரண்ட் போனால் உதவும் என்று வைத்த ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. அதைத் தொட எட்டினார், எட்டவில்லை. என் சட்டையைப் பிடித்தார். நான் அவர் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். இதற்குள் ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டேன்.

“என்னங்க, மிஷின் நின்னுருச்சா?”

“இல்லம்மா, நல்லா ஓடுது. ஐயா பஜ்ஜியும் கேக்குறாரு. சூடாப் போடச் சொல்லி வாங்கிட்டு வாங்க.”

“அதான பாத்தேன். எண்ணெப் பலகாரம் ஆகாதுங்க அவருக்கு. சரி, ஆசப்படுறாரு, ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாரேன்.”

அவள் அப்பாவின் ஆசைக்காக இன்னும் கால் மணி நேரம் கடையில் நின்றாள். அவள் வருவதற்குள் ப்ளக்கை மாட்டி, மிஷினை மறுபடி ஓடவிட்டேன். குழாயைச் சரியாக மூக்கில் வைத்தேன். அவள் பொட்டலத்தோடு உள்ளே வந்து, “அப்பா” என்று கூப்பிட்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நான் வாசலில் நின்று பழைய வீடியோவின் கீழே ‘அன்றே சொன்னேன்’ என்று போட்டேன். சாயங்காலத்துக்குள் அறுபதாயிரம் பேர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். அவர்கள் கேட்கவேண்டிய மன்னிப்புதான்.

வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். அவருக்காக நான் பேசிய இரங்கல் வீடியோவைப் பாருங்கள், பன்னிரண்டு நிமிடம். பெற்ற மகள்கூட அப்படிப் பேசமாட்டாள்.

உங்கள் ரைட்டர் அடித்துத் தந்த தாளை வாசித்தேன். எழுத்துப் பிழை அதிகம், போகட்டும். இரண்டாவது வரியில் ‘பொய்ச் செய்தி பரப்பி’ என்று இருக்கிறது, அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை. கீழே, அழகுமலையைக் கொன்றேன் என்று இருக்கிறதே, அது இருக்கட்டும், அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.