இயல்பான பயன்பாட்டின்போது

பிரிசில்லா: ...கண்ணாடின்னா ஒடையத்தான் செய்யும் மாமா. கம்பெனிக்காரன் வக்கீலு எழுந்து நின்னு இந்த ஒரு வரி சொன்னா, நீ இன்னா சொல்லுவே?

மோசஸ்: மறைமலைநகர்ல பன்னெண்டு வருஷமா கார் ஹெட்லைட்ட பாத்து பாஸு, ரிஜெக்ட்டுன்னு சீல் வெச்சுகினு கீறேன், எனக்கா கண்ணாடியப் பத்தி சொல்றேன்னு கேப்பேன்.

பிரிசில்லா: அத்த உள்ள போயி சொல்லிடாதே. இந்த பெஞ்சோட நிறுத்திக்கோ.

மோசஸ்: ஏன்?

பிரிசில்லா: வித்த ஹெட்லைட் ஒண்ணு ஒடஞ்சு திரும்பி வருது. நீ இன்னா எழுதுவே?

மோசஸ்: பாத்துட்டு எழுதுவேன்.

பிரிசில்லா: இன்னான்னு?

மோசஸ்: ...பெரும்பாலும், ஏத்தி எறக்கும்போது ஆன சேதம்னு.

பிரிசில்லா: அப்பிடின்னா?

மோசஸ்: எங்க தப்பு இல்லன்னு அர்த்தம். சிரிக்காதே பிரிசி. கோர்ட்டு வராண்டா இது.

பிரிசில்லா: சிரிக்கல. உன் போனப் பாத்துட்டு சர்வீஸ் சென்டர் பொண்ணு எழுதிக் குடுத்தது இன்னா? 'வெளிப்புற அடியால் ஆன சேதம். வாரண்டி கிடையாது.' நீ தெனம் எழுதறத அது ஒனக்கு எழுதிக் குடுத்துகீது. அதுக்கு நீ நுகர்வோர் கோர்ட்டுக்கு வந்துட்டே.

மோசஸ்: எழுதுனதுக்காக வர்ல. சொன்னதுக்காக வந்தேன்.

பிரிசில்லா: எத்தினி தபா இதயே சொல்லுவே?

மோசஸ்: உள்ளயும் சொல்லுவேன். மூணு மாசம்கூட ஆவாத போன் சார், சும்மா இடுப்பு ஒயரத்துலேந்து வுழுந்ததுக்கே மூஞ்சி பூரா செதறிடுச்சு, இது கண்ணாடி கோளாறுதான்னு பொறுமையாத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு தல நிமுந்து கூடப் பாக்கல. 'எல்லாரும் இப்பிடித்தான் சார் சொல்றாங்க'ன்னுது. பின்னாடி இருவது பேரு நின்னுகினு கீறாங்க. பொய்க்காரன்னு நேரா சொல்லியிருந்தாகூட பரவால்ல.

பிரிசில்லா: 'எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாங்க'ன்னு நானும் தெனம் சொல்றேனே.

மோசஸ்: நீ சொல்றது துணிக்கடையில.

பிரிசில்லா: துணின்னா இன்னா? நாலு வருஷமா மாத்திக் குடுக்கற கவுன்டர்ல நிக்கறேன். கல்யாணத்துக்குக் கட்டிகினு போன பொடவய மடிச்சு எடுத்துனு வந்து, பிரிக்கவே இல்லன்னு சொல்லுவாங்க. மோந்து பாத்தா சந்தனமும் பிரியாணியும் மணக்கும். எல்லாத்தையும் எடுத்துக்கோன்னு மொதலாளி சொன்னா, செங்கல்பட்டுல ஒருத்தரும் காசு குடுத்து பொடவ கட்ட மாட்டாங்க. போனும் அப்பிடித்தான். ஒடஞ்சா புதுசுன்னு வாரண்டியில எழுதிட்டா, பதினோராவது மாசம் ஊரே போன கீழ போடும்.

மோசஸ்: போடட்டும். ஒரு தபா மாத்திக் குடு. ரெண்டாவது தபா ஒடச்சா அவன் பாடு.

பிரிசில்லா: அந்த ஒரு தபாவோட செலவு யார் தலையில வுழும்? போன கொழந்த மாதிரி வெச்சிருக்கறவன் தலையிலயும் சேத்து வெலய ஏத்துவான்.

மோசஸ்: இப்ப மட்டும்? வாங்கற அன்னிக்கே கடையில கேட்டான், ஸ்கிரீனுக்குத் தனியா இன்சூரன்ஸ் போடுங்க சார்னு. ஒடையும்னு தெரியாமலா கேட்டான்? தெரிஞ்சே விக்கறான். அப்பறம் ஒடஞ்சா, நீ ஏன் கீழ போட்டேன்னு நம்மளக் கேக்கறான்.

பிரிசில்லா: நீ போட்டியா இன்சூரன்ஸு?

மோசஸ்: போடல. ஒன்றர மீட்டர் ஒயரத்துலேந்து வுழுந்தாலும் தாங்கும்னு பெட்டி மேலயே அடிச்சிருந்தான். அத்த நம்பினேன்.

பிரிசில்லா: அது விளம்பரம் மாமா.

மோசஸ்: எங்க கம்பெனியில ஒரு பெட்டி மேல அப்பிடி அடிச்சா, அடிச்சபடி இருக்கணும். நான் சொல்றது ஒண்ணுதான். போன் இன்னா செவுத்துல மாட்டி வெக்கிற படமா? கம்பெனி பஸ்ஸுல நின்னுகினே பேசறோம், பைக்குல பாக்கெட்ல வெக்கறோம், சோறு ஊட்டும்போது புள்ளைங்க கையில குடுக்கறோம். இருவது மணி நேரம் கையில கீற பொருளு கீழ வுழறதும் அத்தோட பயன்பாடுதான். அத்த வெளிப்புற அடின்னு எழுதறது அநியாயம்.

பிரிசில்லா: ...நல்லாதான் பேசறே.

மோசஸ்: ஒத்துக்கினியா?

பிரிசில்லா: பேச்சு நல்லா கீதுன்னேன். கேஸு நல்லா கீதுன்னு சொல்லல. அவங்க வக்கீலு ரிப்பேர் செலவ பாதிக்குப் பாதி போட்டுக்கலாம்னு சொல்லிட்டுப் போனாரு இல்ல? சரின்னு சொல்லு. பன்னெண்டு மணி ரயிலுக்குப் போயிடலாம்.

மோசஸ்: காலையிலேந்து மூணாவது தபா சொல்றே. ரயிலப் புடிக்கறதுல ஒனக்கு இன்னா இவ்ளோ அவசரம்?

பிரிசில்லா: எனக்கு இன்னா அவசரம்...

சம்பூர்ணம்: மோசஸ் யாரு, நீங்கதானா? நான் நோட்டரி வக்கீல் சம்பூர்ணம். வாசல்ல டைப் அடிக்கறவர் அனுப்பினாரு. பிரமாணப் பத்திரம் ரெடியா இருக்கா?

மோசஸ்: ரெடி மேடம். இதோ. வக்கீல் வெக்கல, நானே எழுதுனேன்.

சம்பூர்ணம்: நல்லது. என் கண்ணு முன்னால கையெழுத்துப் போடணும். ஆனா போடறதுக்கு முன்னால ஒரு தடவ முழுசா படிச்சுடுங்க. இது சத்தியம் பண்ணிக் குடுக்கற பேப்பர். அப்புறம் வந்து மாத்தணும்னா எனக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். உள்ள இப்ப பதினஞ்சாம் நம்பர் ஓடுது.

மோசஸ்: எங்களுது பத்தொம்பது.

சம்பூர்ணம்: அப்ப நேரம் இருக்கு. அந்தக் கோடியில ஒரு அம்மாவுக்கு சீல் வெச்சுட்டு வர்றேன்.

பிரிசில்லா: குடு, நான் படிக்கறேன்.

மோசஸ்: நான்தான் எழுதுனேன். எனக்குத் தெரியாதா?

பிரிசில்லா: கட்டிகினவ எனக்குத் தெரியாதே. குடு. '...கடவுள் மீது ஆணையிட்டு உறுதி கூறுவது யாதெனில்...' கையெழுத்து அழகா கீது மாமா. '...மேற்படி கைபேசி, இயல்பான பயன்பாட்டின்போது என் கை தவறி, சரியாக ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்து உடைந்தது...'

மோசஸ்: அவ்ளோதான். குடு.

பிரிசில்லா: இரு. சரியாக ஒரு மீட்டரா?

மோசஸ்: ஆமா.

பிரிசில்லா: யாரு அளந்தது?

மோசஸ்: ...ஒரு கணக்குதான்.

பிரிசில்லா: கணக்குன்னா சுமார்னு எழுதுவே. நீ சரியாகன்னு எழுதிகீறே. கை தவறி வுழற போனுக்குப் பக்கத்துல டேப்பு புடிச்சுகினு யாரு நின்னுகினு இருந்தது?

மோசஸ்: பிரிசி...

பிரிசில்லா: எங்க கவுன்டர்ல பொய் சொல்றவங்க மொதல்ல கண்ண எடுத்து சீலிங் ஃபேனப் பாப்பாங்க. நீ இப்ப அத்ததான் பாத்துகினு கீறே.

மோசஸ்: ஓடுதான்னு பாத்தேன்.

பிரிசில்லா: மாமா.

மோசஸ்: ...நான்தான் அளந்தேன்.

பிரிசில்லா: எங்க?

மோசஸ்: நம்ம மொட்ட மாடியில. நீ கடைக்குப் போயிருந்தே. செவுத்துல டேப்ப ஒட்டி, ஒரு மீட்டர்ல பென்சில் கோடு போட்டேன். அவன் ஒன்றர மீட்டர்னு அடிச்சிருந்தான். நான் அர மீட்டர் சலுக குடுத்தேன். மொதல்ல முதுகு அடியில இருக்கற மாதிரி வுட்டேன், தாங்குச்சு. ரெண்டாவது மொகம் அடியில. அதுவும் தாங்குச்சு. மூணாவது மூலையில.

பிரிசில்லா: நீயே போட்டு ஒடச்சியா...

மோசஸ்: ஒடைக்கல. டெஸ்ட்டு பண்ணேன்.

பிரிசில்லா: புது போன. மொட்ட மாடியில. டேப்பு வெச்சு.

மோசஸ்: கம்பெனியில இதான் பண்றோம். ஒரு பீஸு மேல சந்தேகம் வந்தா பேசிகினு நிக்க மாட்டோம். தூக்கிப் போட்டுப் பாத்துட்டு எழுதுவோம்.

பிரிசில்லா: கம்பெனியில அது கம்பெனி ஹெட்லைட்டு. அப்ப அந்தப் பொண்ணு சொன்னது சரிதானே? எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாங்கன்னுது. நீயும் அப்பிடித்தான் சொல்லிகீறே. கை தவறிடுச்சுன்னு எங்கிட்டகூட இதயேதான் சொன்னே. ஒரு மாசம் நானும் 'போனா போவுது மாமா'ன்னு ஒனக்கு ஆறுதல் சொன்னேன்.

மோசஸ்: அந்த ஒரு வார்த்ததான் பொய்யி. வேணும்னு போட்டேன்னு எழுதுனா, உள்ள நொழையவே வுட மாட்டாங்க. ஆனா ஒடஞ்சதுக்குக் காரணம் நான் இல்ல. அதுக்கு எங்கிட்ட சாட்சி கீது.

பிரிசில்லா: இன்னா சாட்சி?

மோசஸ்: இன்னிக்கி உள்ள போயி காட்டலாம்னு வெச்சிருந்தேன். சந்தேகம் வராம எவனாவது புது போன கீழ போடுவானா? இந்த போட்டோவ பாரு. என் கூட்டாளி ஜெபசிங்கு அவன் போன்ல எடுத்தது, டெஸ்ட்டு பண்றதுக்கு முன்னாடி. ஸ்கிரீன் மேல ஒட்டியிருந்த கார்டு கிளாஸு ஓரத்துல தூக்கிகினு இருந்துச்சு, உரிச்சு எடுத்தேன். கீழ மூலையில பாரு. பெருசு பண்ணிப் பாரு.

பிரிசில்லா: எங்க, இந்த மூலையா?

மோசஸ்: தெரியுதா? தலமுடி கணக்கா ஒரு கோடு. ஒரு தபாகூட கீழ வுழாத போன்ல கோடு எங்கேந்து வரும்? கம்பெனியிலேந்தே வந்துகீது. அவன் செக் பண்ணாம அனுப்பிட்டான். எம்மாதிரி ஒருத்தன் அங்க தூங்கியிருக்கான். நல்ல கண்ணாடின்னா மூணாவது தபாவும் தாங்கியிருக்கும். கோடு இருந்ததால செதறிடுச்சு. இதான் கேஸு.

பிரிசில்லா: இத்த... யார் யாருக்குக் காட்டுனே?

மோசஸ்: ஜெபசிங்குக்கும் எனக்கும்தான் தெரியும். இன்னிக்கி ஜட்ஜு கையில குடுக்கப் போறேன். போன லேபுக்கு அனுப்பி வையுங்கன்னு கேக்கப் போறேன்.

பிரிசில்லா: லேபு எதுக்கு? பாதிக்குப் பாதி...

மோசஸ்: அவன் பாதி எனக்கு வேணாம். ஒடஞ்ச மூலைய பூதக்கண்ணாடியில வெச்சா, எந்த அடி மொதல்ல, எந்த அடி ரெண்டாவதுன்னு சொல்லிடுவான். எதுல பட்டுச்சுன்னுகூட சொல்லுவான். கல்லுத்தூளு, மண்ணு, எதுவும் தப்பாது. கம்பெனிக் கோளாறுன்னு லேபு எழுதிக் குடுக்கட்டும். அத்த எடுத்துகினு போயி அந்தப் பொண்ணு டேபிள் மேல வெக்கறேன். அப்ப நிமுந்து பாக்கும் இல்ல?

பிரிசில்லா: கல்லுத்தூளுகூடவா...

மோசஸ்: அப்பிடி எதுவும் இருக்காது. எனக்கு நம்பிக்க கீது.

பிரிசில்லா: மாமா, நான் சொல்றத ஒரு தபா கேளு. கையெழுத்து போடாதே. வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்.

மோசஸ்: வூட்டுக்குப் போயி இன்னா பேசறது? நீ எப்பவும் என் பக்கம் நிப்பே. இன்னிக்கி காலையிலேந்து அவன் வக்கீலு மாதிரியே பேசிகினு கீறே. எனக்கே ஒரு மாதிரி கீது.

பிரிசில்லா: உன் பக்கம்தான் நிக்கறேன்.

மோசஸ்: அப்ப பேப்பரக் குடு.

சம்பூர்ணம்: படிச்சாச்சா? பதினெட்டு உள்ள போயிட்டாங்க. இந்தாங்க பேனா. இங்க ஒண்ணு, அடுத்த பக்கத்துல ஒண்ணு.

மோசஸ்: பிரிசி, பேப்பர் மேலேந்து கைய எடு.

சம்பூர்ணம்: ஏம்மா, எதாவது திருத்தணுமா? இப்பவே சொல்லிடுங்க. என் சீல் விழுந்துட்டா இவரு சொன்னது சொன்னதுதான்.

மோசஸ்: ஒண்ணும் இல்ல மேடம், அவளுக்கு லேபுன்னா பயம். நீங்க பேனாவக் குடுங்க.

பிரிசில்லா: குடுக்காதீங்க மேடம். இவரு தவற வுடல, அளந்து போட்டு ஒடச்சாரு, அத்த அப்பிடியே எழுதணும். முன்னாடியே கோடு இருந்துச்சு, அதுவும் நெசம். ஆனா அந்தக் கோடு கம்பெனியிலேந்து வர்ல. மாமல்லபுரம் போனப்ப இவரும் ஜெபசிங்கும் கடல்ல எறங்குனாங்க, போன எங்கிட்ட குடுத்துட்டு. அலையில நிக்கற இவரைத்தான் போட்டோ எடுக்கலாம்னு பாறை மேல ஏறுனேன், கையிலேந்து போன் நழுவி மூலையில வுழுந்துடுச்சு. சொன்னா திட்ட மாட்டாரு, ஆனா வாங்கி இப்பிடித் திருப்பி அப்பிடித் திருப்பி ஒரு வாரம் பாத்துகினே இருப்பாரு, அத்த என்னால தாங்க முடியாது. அதான் இவரு ஈரம் காயறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடிப்போயி மேல கார்டு கிளாஸ ஒட்டிகினு வந்து கையில குடுத்தேன். எம்போன் மேல ஒனக்கு இவ்ளோ அக்கறையான்னு, அன்னிக்கி இவரு எனக்கு ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு மேடம்.