கம்பிச் சக்கரத்துக்குள் ஒரு மூடி

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பட்டறை முதலாளி அவர்களே, கார் வாங்கிக் களிப்போடு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் என் பட்டறைத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொழிலாளர் சார்பில் இரண்டு நிமிடம் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டுகிறேன். அதோ பாருங்கள், ஆறு கார்கள்! எண்பது வருடத்துக்கு முந்தைய பந்தயக் காரின் அச்சு அசல் நகல்! அந்த வளைவென்ன, வனப்பென்ன, முகப்பென்ன, மிடுக்கென்ன! தோல் இருக்கையில் பழைய தையல். முள் துடிக்கும் பழைய மீட்டர். பானெட்டைத் திறந்தால் மட்டும் இந்தக் காலத்து என்ஜின். அந்தக் காலத்துக் காரைவிட இரண்டு மடங்கு வேகம்.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் ஒன்று கேளுங்கள். இன்னும் அரை மணி நேரத்தில் கொடியசைப்பார்கள். ஆறு கார்களையும் உரியவர்களே ஓட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்குவார்கள். பதினோரு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கை மிதிக்க வேண்டும். அந்தப் பிரேக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வேகம் கூடினால் பிரேக்கும் புதிதாக வேண்டும். அதனால் சக்கரத்தோடு சுழலும் தட்டை இறுக்கிப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் போட்டோம். நல்ல வேலை. ஒருநாள் முதலாளி வந்து கம்பிச் சக்கரத்துக்குள் குனிந்து பார்த்தார். "என்னப்பா இது, கம்பிக்கு நடுவுல புதுசு பல்லைக் காட்டுது? அந்தக் காலத்துல ஏதுடா இந்தத் தட்டு? பாக்குறவன் சிரிப்பான்" என்றார்.

அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? இல்லை. "ஒரு மூடி செஞ்சு மாட்டிரலாம் முதலாளி. பழைய டிரம் பிரேக் டப்பா மாதிரியே இருக்கும்" என்று சொன்னவன் நான். அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்தவன் நான். "உன் விரலுக்கு மோதிரம் போடணும்டா" என்று அவர் சொன்னபோது பல்லெல்லாம் தெரியச் சிரித்தவனும் நான்தான்.

டிஸ்க் பிரேக்குக்குக் காற்று வேண்டும். மிதிக்க மிதிக்கச் சூடாகும். காற்றுப் பட்டால்தான் ஆறும். காற்றுப் போகிற வழியை என் மூடி அடைத்தது. சூடு ஏறினால் பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்தால் மிதி நேராகத் தரைக்குப் போய்விடும். பிரேக் இருக்காது.

யாருக்குத் தெரிந்தது இது? எங்களோடு புதுக் காரை ஓட்டிச் சோதிக்கும் வேலை செய்தாரே, நிதானம் அண்ணன், அவருக்குத் தெரிந்தது. அவர் பெயர் அதுவல்ல. முப்பது வருடத்தில் ஒரு நாளும் அவசரப்படாத மனிதர் என்பதால் நாங்கள் வைத்த பெயர். போன மாதம் இதே சரிவில் முதல் காரை இறக்கினார். ஏழாவது திருப்பம். "ஈரத்துணிய மிதிச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. அடுத்த மிதிக்கு அதுவும் இல்ல" என்றார் என்னிடம். மணல் மேட்டில் காரை ஏற்றி உயிர் பிழைத்தார். வலது தோள் நொறுங்கியது.

நிர்வாகம் என்ன செய்தது? "என் கவனக்குறைவே காரணம்" என்று ஒரு காகிதம் எழுதி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே கொண்டு போனது. வலது கை தூக்க முடியாதவர் இடது பெருவிரலை அழுத்தினார். நிதானத்துக்கு நிதானமில்லை என்று எழுதி வாங்கியாயிற்று!

நான் அந்தக் காரின் சக்கரத்தைக் கழற்றினேன். மூடியின் உள்பக்கம் கருகிக் கிடந்தது. மூடியோடும் மூடியில்லாமலும் மூன்று நாள் சோதித்தேன். மூடியோடு ஒவ்வொரு தடவையும் மிதி இறங்கியது, மூடியில்லாமல் ஒரு தடவைகூட இறங்கவில்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "விழா முடியட்டும்ப்பா, பாத்துக்கலாம்" என்றார். விழா முடிந்தபின் பார்க்க அவருக்கு ஆள் இருக்குமா?

என்ன மேலாளரே, மேடையை விட்டு இறங்கவா? இறங்குகிறேன் ஐயா. அந்தச் சரிவில் இந்தக் கார்கள் இறங்குவதற்கு முன்னால் நானே இறங்கிவிடுகிறேன். மைக்கை அணைக்காதீர்கள் தம்பி. அணைத்தாலும் பயனில்லை, சுத்தியல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது.

சரிவு முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது? பேருந்து நிறுத்தம். ஷிப்டு முடிந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கும் இடம். அவர்களுக்கு உங்கள் காரின் பெயர்கூடத் தெரியாது. பிரேக் இல்லாமல் பாய்ந்து வரும் உங்கள் அழகுக்கு அவர்கள் எதற்காக வழிவிட வேண்டும்?

முன்வரிசையில் ஒரு குரல். சிவப்புக் காருக்குச் சொந்தக்காரர், பல் டாக்டர். "மூடிய எடுத்துட்டா பழைய களை போயிடுமேப்பா" என்கிறார். ஐயா, நியாயமான கேள்வி. நீங்கள் பல் கட்டும்போது நிறம் மற்ற பல்லோடு ஒத்துப்போகப் பார்ப்பீர்கள். சரி. நிறத்துக்காக மெல்ல முடியாத பல்லைக் கட்டுவீர்களா? கண்ணுக்கு வேண்டியது பழசாக இருக்கட்டும். காதுக்கு வேண்டியது பழசாக இருக்கட்டும். உயிரைக் காப்பது மட்டும் புதிதாக இருக்கட்டும், புதிது என்று வெளியே தெரியட்டும்! இதில் வெட்கம் என்ன?

அவர் மகள் என்னவோ கேட்கிறாள். சத்தமாகச் சொல்லும்மா. "நம்ம கார்லயும் அது இருக்காப்பா?" இருக்கிறது தாயே. இரண்டு முன்சக்கரத்திலும் இருக்கிறது. நான் மாட்டியது.

முதலாளி அவர்களே, நாளைக்கு எனக்கு வேலை இருக்காது, தெரியும். ஆனால் தோழர்கள் ஜாக்கியோடு நிற்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றி நான்கு திருகாணி எடுத்தால் மூடி கையோடு வந்துவிடும். ஒரு காருக்குப் பத்து நிமிடம். காருக்கு உரியவர் சரி என்றால் போதும்.

டாக்டர் எழுந்துவிட்டார். "மகள் உக்கார்ற வண்டிப்பா... கழட்டுங்க" என்கிறார். ஒருவர் எழுந்திருக்கிறார். ஐந்து பேர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். கொடியைக் கையில் வைத்திருப்பவர் கடிகாரம் பார்க்கிறார்.

கேட்ட காதுகளுக்கு நன்றி. எழுந்த கால்களுக்கு வணக்கம். மற்ற ஐந்து பேருக்கும் என் வணக்கத்தை உங்கள் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன். வண்டியை எடுப்பதானால் என்மேல் ஏற்றித்தான் எடுக்க வேண்டும்.