மேசையடியில் கீர்த்தியோடு அமர்ந்த ஆசிரியைக்கு

நேமத்தான்பட்டிக்கு அருகில் நம் நடுநிலைப்பள்ளியில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் ஆசிரியை, அதட்டத் தெரியாத அன்பே உருவானவர், அஞ்சி ஒடுங்கிய பிள்ளைகளுக்கு அருந்துணையானவர், திருமதி வள்ளிக்கண்ணு அம்மையார் அவர்களுக்கு, உடன் பணிபுரிவோர் கனத்த மனத்துடன் வாசித்தளிக்கும் மடல்.

அம்மையீர்,

காரைக்குடி செக்காலை ரோட்டில் மடலுக்குச் சட்டம் போடும் கடையில் ஆயத்த வாசகம் இருக்கிறது. கலங்கரை விளக்கமே, கற்பகத் தருவே என்று எல்லாம் அச்சில் உண்டு, பெயரை நிரப்பினால் போதும். வேண்டாம் என்று வந்துவிட்டோம். விளக்கும் மரமும் செய்யாத காரியத்தைத் தாங்கள் செய்தீர்கள்.

பிள்ளை மனம் அறிந்த பெருந்தகையீர்,

கீர்த்தி சென்ற ஆண்டு நம்மிடம் வந்தாள். பட்டாசு ஆலை வெடிவிபத்தில் தாயை இழந்தவள். ஆலைக்கு அருகிலேயே வீடு, அந்தச் சத்தத்தை அவளும் கேட்டாள். தாய்மாமன் தச்சர் ஆசைத்தம்பி அழைத்து வந்து சேர்த்தார். ஆண்டு விழாவுக்கு வந்த விருந்தினரை நம் வழக்கப்படி வேட்டுப் போட்டு வரவேற்றோம். முதல் வேட்டிலேயே பிள்ளை வகுப்பறை மேசைக்கடியில் புகுந்து, காதைப் பொத்தியபடி, சீருடை நனைந்து கிடந்தாள். பிடிவாதம் என்றார் ஒருவர், நடிப்பு என்றார் மற்றொருவர். நாம் போட்ட வேட்டு வேறு, அவள் கேட்கும் வேட்டு வேறு என்று கண்டுகொண்டவர் தாங்கள் ஒருவரே.

விழாவுக்கென உடுத்திய கண்டாங்கிச் சேலையோடு அந்த மேசையடியில் போய் அமர்ந்தீர்கள். தொடவில்லை, இழுக்கவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. "அது நம்ம பள்ளிக்கூடத்து வேட்டு, ஆத்தா. முடிஞ்சு போச்சு. நீ எப்ப வரணுமோ அப்ப வா. அதுவரைக்கும் நானும் இங்குட்டுத்தான் இருக்கேன்" என்றீர்கள். தலைமையாசிரியர் தண்டாயுதபாணி ஆள் அனுப்பியும் தாங்கள் எழவில்லை. விழா தங்கள் வரவேற்புரை இல்லாமலே நடந்தது.

அதன்பின் நம் பள்ளியில் வேட்டு நின்றது. மணி அடிக்குமுன் அவளிடம் சொல்லிவிட்டே அடிக்க வைத்தீர்கள். கதவோரம் இடம் கொடுத்தீர்கள். சிவகங்கை அரசு மருத்துவமனைக்குத் தாங்களே பேருந்தில் கூட்டிப் போய், பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் மருத்துவரிடம் காட்டினீர்கள். ஐப்பசியில் ஒரு நாள் அவள் வகுப்பில் வாய்விட்டு வாசித்தாள். அடுத்த அறைக்காரர்களும் வந்து நின்று கேட்டோம்.

அந்த மகிழ்ச்சி அரையாண்டு விடுமுறை வரைதான். ஆசைத்தம்பி அவளைக் கோடாங்கியிடம் கூட்டிப் போனார். காதோரம் உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசி, பேயைப் போகச் சொன்னார்கள். "தூக்கத்துல அலறுறா டீச்சர். பாத்துக்கிட்டு எப்படி இருக்க? எந்தங்கச்சி ஒடம்பக்கூடப் பாக்க விடல. பிள்ளையவாச்சும் மீட்டுரலாமுன்னுதான் போனேன்" என்று அவர் தங்கள் முன் அழுதார். அவரைத் திட்டத் தங்களுக்கு வாய் வரவில்லை. கீர்த்தி மறுபடி மேசையடிக்கே போனாள். இம்முறை பேச்சும் போயிற்று.

தங்கள் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை. பிள்ளைகளின் மனக்காயம் பற்றிக் காரைக்குடியில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு நாங்களும் போனோம். கையெழுத்துப் போட்டோம், பொட்டலச் சோறு தின்றோம், மத்தியானம் கண் அயர்ந்தோம். தங்கள் இடத்துக்கு வேறு ஆள் வராது என்று கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தங்களைப் போலவே நாங்களும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். எங்களைக் கண்டால் அவள் இன்னும் உள்ளே ஒடுங்குகிறாள். இந்தப் பிள்ளையை என்ன செய்யப் போகிறோம் என்று உண்மையிலேயே தெரியவில்லை.

தாங்கள் மூட்டுவலி குறைந்து, பள்ளத்தூரில் மகள் வீட்டில் மனம் ஆறி, நன்றாக உறங்கி, நெடுங்காலம் நலமோடு இருக்க வேண்டுகிறோம். உறக்கத்தைக் குறிப்பாகச் சொல்கிறோம். இந்த ஆண்டு தாங்கள் சரியாக உறங்கவில்லை என்பதை அறிவோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத
ஆசிரியர்கள், அலுவலர்கள், சத்துணவுப் பணியாளர்கள்

அச்சான மடல் இத்துடன் முடிகிறது. இனி வருவது சற்று முன் கையால் எழுதிச் சேர்த்தது.

தங்களைக் காரில் அழைத்து வந்து நேரே மேடையில் அமர்த்திவிட்டோம். வாசலில் நடந்தது தங்களுக்குத் தெரியாது. தங்கள் படத்தைச் சுற்றி மாலை போட்டு அச்சடித்த பேனரைக் காலையில் அங்கே கட்டியிருந்தோம். கீர்த்தியின் ஊரில், இறந்த அவள் தாயின் படத்தையும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கீர்த்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாதக்கணக்கில் பேசாத பிள்ளை, சத்துணவு அமைப்பாளர் சாலாவிடம், "டீச்சரும் செத்துப் போயிட்டாகளா?" என்று கேட்டாள்.

இல்லை என்று எல்லாரும் சொன்னோம். அவள் நம்பவில்லை. பேனரை அவிழ்த்துவிட்டோம். அவள் நான்காம் வகுப்பு மேசையடியில் இருக்கிறாள், சாலா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பொன்னாடையைப் பிறகு போர்த்திக்கொள்ளலாம். எழுந்து போங்கள் அம்மா.