மொக்கையன் திறக்காத போன்

வானம் பொய்த்தாலும் வாக்குப் பொய்க்காத மானாவாரிச் சீமையின் மக்களே! இந்தப் பட்டிமன்றத்தின் நடுவராக, நரைத்த தலையோடும் நகைத்த முகத்தோடும் வீற்றிருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா வீரபத்திரன் அவர்களே! மேடை போட்டு, மாலை போட்டு, எங்களை மோதவும் விட்டிருக்கும் அருப்புக்கோட்டை வட்டாரக் கைபேசிக் கடைக்காரர் சங்கத்தாரே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! காரியாபட்டியிலிருந்து வந்து, கடைசி பஸ்ஸை எண்ணிக் கவலையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஒரு கண் மேடையிலும் ஒரு கண் போனிலுமாக இருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும், திருச்சுழியில் தமிழ் கற்பிக்கும் பரளச்சி பாண்டீஸ்வரனின் பணிவான வணக்கம்!

கைபேசியில் மேலானது ஆப்பிளா, ஆண்ட்ராய்டா? இதுதான் தலைப்பு. நான் ஆண்ட்ராய்டு அணி.

யாரது பின்வரிசையில், "பட்டன் போன்" என்று கத்துவது? அண்ணே, உங்கள் அணிக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன். சண்டை போடாமல் உட்காருங்கள்.

எதிரணியில் தங்கை ரோஷினி என்ன அழகாகப் பேசினார்! ஆப்பிள் திணறாது என்றார், திகைக்காது என்றார், திருடனுக்கும் திறக்காது என்றார். ஒத்துக்கொள்கிறேன். பேச்சின் நடுவே ஒன்று சொன்னார்: "ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள், அனுதாபத்தோடு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்." மண்டபமே குலுங்கிச் சிரித்தது. கை தூக்கியவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் அதனிடம் திரும்பி வருவேன்.

என் கட்சிக்கு ஒரே ஒரு வாதம்தான். ஆப்பிள் என்பது கட்டி முடித்த வீடு. அடுப்பு எங்கே, அலமாரி எங்கே என்று கட்டியவரே தீர்மானித்துவிட்டார். இன்று கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள், நான் சொல்வது சில வருசத்துக்கு முந்திய கதை. ஆண்ட்ராய்டோ காலி வீடு. வேண்டியதை வேண்டிய இடத்தில் வைக்கலாம், வேண்டாததை வெளியே தள்ளலாம். இதனால் என்ன பெரிய நன்மை என்கிறீர்களா? ஒரு நன்மை விளைந்திருக்க வேண்டும், தாய்மார்களே. விளையாமல் போன கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் பரளச்சியில் மொக்கையன் என்று ஒரு சம்சாரி. கொத்தமல்லியும் சோளமும் போடுகிறவர், எனக்குப் பெரியப்பா முறை. இந்த அருப்புக்கோட்டையில் ஜமால் மைதீன் என்று ஒருவர். வாலிபத்தில் இருவரும் ஒன்றாகக் கருவேலம் வெட்டினார்கள், ஒன்றாகக் கரிமூட்டம் போட்டார்கள், ஒன்றாக லாரிக்கு லோடு ஏற்றினார்கள். பிறகு ஜமால் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். மொக்கையன் மழைக்காக வானம் பார்த்தார். நாடு மாறியது, நடை மாறியது, "ஏலே" மட்டும் மாறவில்லை.

வளைகுடாவிலிருந்து ஆள் வந்தால் பெட்டி பிரிப்பது எப்படி என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டுமா? கயிறு கட்டிய பெட்டியை நடுவீட்டில் வைத்து, சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து ஒவ்வொரு கையாகக் கொடுப்பார்கள். யாருக்கு என்ன வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே நடுவீட்டில் பிரிப்பது! ஒவ்வொரு முறையும் மொக்கையனுக்கு அந்த வட்டத்தில் ஓர் இடம் உண்டு. தைலம் வரும், கைலி வரும், அத்தர் வரும்.

அந்த வருசம் போன் வந்தது. ஜமாலின் மச்சினர் சகாபுதீனுக்கு ஆப்பிள். வெள்ளைப் பெட்டி, மேலே பளபளவென்று உறை. அடுத்து மொக்கையனுக்கு ஒரு கறுப்புப் போன், ஆண்ட்ராய்டு. அதன் பெட்டியோ, ஏற்கெனவே பிரித்த பெட்டி.

கவனியுங்கள் ஐயா, பிரித்த பெட்டி! ஓரம் மடங்கியிருக்கிறது, ஒட்டியிருந்த தாள் கிழிந்திருக்கிறது. சகாபுதீன் விளையாட்டாகச் சொன்னார்: "பரளச்சிக் காட்டுக்கு அது போதும் மச்சான்." வீடே சிரித்தது. மொக்கையனும் சிரித்தார். ஜமால் மைதீன் மட்டும் சிரிக்காமல், நண்பரின் காதருகே குனிந்தார்.

"ஏலே, இங்கன தெறக்காத. வீட்டுக்குப் போயித் தெறந்து பாரு."

இந்தச் சொல் என்னவாகப் போய் விழுந்தது தெரியுமா? ஆப்பிள் மச்சினனுக்கு, யாரோ ஓட்டித் தேய்த்த போன் எனக்கு. நாலு பேர் பார்த்தால் மானம் போகும் என்று மறைக்கச் சொல்கிறான்! இப்படித்தான் விளங்கிக்கொண்டார் பெரியப்பா. டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்தவர் விதைச்சோளம் வைத்திருந்த தகர டின்னுக்குள் அந்தப் பெட்டியைப் போட்டு மூடினார். "என்னங்க அது?" என்று கேட்ட மனைவி முத்துத்தாயிடம், "ஒண்ணுமில்ல, போ" என்றார்.

வளைகுடாவிலிருந்து பழைய பட்டன் போனுக்கு அழைப்பு வந்தது.

"போனத் தெறந்தியாலே?"

"வேல கெடக்கு, பெறகு பாப்போம்."

மறுபடி வந்தது. மறுபடி வேலை கிடந்தது. கேட்டவர் எத்தனை முறைதான் கேட்பார்? அவருக்கும் மனசு இருக்கிறதே! அழைப்பு குறைந்தது, அப்புறம் நின்றது. கோபத்திலும் ஒரு சுகம் உண்டு, சொந்தங்களே! அதை வளர்க்கத் தெரிந்த நமக்கு வெட்டத் தெரிவதில்லை. அடுத்த மல்லி அறுப்பும் வந்து போனது, அதற்கடுத்த அறுப்பும் வந்து போனது. இரண்டு பேரும் பேசவில்லை.

ஒருநாள் செய்தி வந்தது. ஜமால் மைதீனுக்குப் பக்கவாதம். ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வலக்கை விழுந்துவிட்டது, வாய்ப்பேச்சும் போய்விட்டது.

மொக்கையன் ஓடினார். கட்டிலில் கிடந்த நண்பரைப் பார்த்தார். கண் அசைகிறது, சொல் அசையவில்லை. ஜமாலின் மனைவி மும்தாஜ் பேகம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"ஏண்ணே, அந்தப் போன்ல அவுக மொகத்த அமுக்கி ஒருநாகூட நீங்க கூப்பிடலையே?"

"மொகத்த அமுக்கியா? என்னம்மா சொல்லுத?"

மும்தாஜ் பேகம் சொன்னார். கடைக்குப் போய் ஜமால் முதலில் கேட்டதே ஆப்பிள்தான். மச்சினனுக்கு ஒன்று, நண்பனுக்கு ஒன்று. ஆனால் மொக்கையனுக்கு எழுத்துத் தெரியாது. பெயரைப் படித்து நம்பர் தேட முடியாது. "எழுத்தே இல்லாம, வெறும் மொகமா வரணும். பெருசு பெருசா வரணும். மொகத்தத் தொட்டா அந்த ஆளுக்கே போன் போகணும்," என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அந்த இஷ்டத்துக்கு முகப்பை அடுக்க ஆண்ட்ராய்டுதான் தோது என்றிருக்கிறார் கடைக்காரர். புத்தம்புதிய போன், சொந்தங்களே! அடுக்கி வைப்பதற்காகத்தான் அந்தப் பெட்டி பிரிக்கப்பட்டது.

"வீட்டுக்குப் போய்த் திற" என்றாரே, அது ஏன்? நாலு பேர் நடுவே திறந்தால், ஏன் முகமாக இருக்கிறது என்று கேட்பார்கள். தன் நண்பனுக்குப் படிக்கத் தெரியாது என்பது சபைக்குத் தெரிந்துவிடும். அவர் மறைத்தது பொருளின் பழசை அல்ல, நண்பனின் கூச்சத்தை! மானத்தைக் காத்தவனை மானத்தை வாங்கியவன் என்று நினைத்துவிட்டோமே என்று பெரியப்பா அந்த வீட்டு வாசலில் நின்று அழுததை, கூட வந்த அவர் மகள் தங்கலட்சுமி என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தார்கள். தங்கலட்சுமி சோளத்தூசியைத் துடைத்து, சார்ஜ் போட்டு, பட்டன் போனிலிருந்த சிம்மை மாற்றிப் போட்டாள். திரை விடிந்தது. ஓர் எழுத்து இல்லை. முத்துத்தாய் முகம். தங்கலட்சுமி முகம். மாட்டுக்கு ஊசி போடும் இருளாண்டியின் முகம்கூட இருந்தது! முந்தைய விடுப்புகளில் ஜமால் எடுத்துவைத்த படங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றிலும் பெரிதாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் ஜமால் மைதீன்.

மொக்கையன் அந்த முகத்தைத் தொட்டார். அருப்புக்கோட்டையில் கட்டிலருகே, ஜமாலோடு கூடவே ஊர் வந்திருந்த அவர் போன் அடித்தது. மும்தாஜ் பேகம் எடுத்து, கணவர் காதில் வைத்தார்.

"ஏலே ஜமாலு... தெறந்துட்டேம்லே."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

நடுவர் அவர்களே, மணியின் மேல் வைத்த கையைக் கொஞ்சம் எடுங்கள். முடிக்கப்போகிறேன். யார் பிழை இது? ஆப்பிளின் பிழையா? ஆண்ட்ராய்டின் பிழையா? வாய்விட்டுச் சொல்லாத ஜமாலின் பிழையா? வாய்விட்டுக் கேட்காத மொக்கையனின் பிழையா? நான் சொல்கிறேன். அன்று அந்த நடுவீட்டில் எழுந்ததே ஒரு சிரிப்பு, அதன் பிழை! சற்றுமுன் இதே மண்டபத்தில் எழுந்ததே, அதே சிரிப்பு! தங்கை ரோஷினி, உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் உங்களோடு சேர்ந்துதான் சிரித்தேன். எந்தப் போன் என்று கேட்கத் தெரிகிறது நமக்கு. ஏன் இந்தப் போன் என்று கேட்க வாய் வரமாட்டேன் என்கிறதே! பழம் போட்டதா, பழசா என்று பார்த்த கண்ணுக்கு, ஆசையோடு அடுக்கிய கை தெரியாமல் போயிற்றே!

ஆண்ட்ராய்டை ஜெயிக்கவைக்க வந்தவன் நான். மனசார முடியவில்லை. இவ்வளவு செய்து வைத்திருந்தும் ஒரு தகர டின்னைத் தாண்ட அதனால் முடியவில்லை. ஆப்பிளுக்கே தீர்ப்பு எழுதுங்கள் ஐயா, எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. பேச வாய் இருந்த காலமெல்லாம் பேசாமல் போன இரண்டு பேர்மேல் என் வருத்தம்.

இதைச் சபையில் சொல்லலாமா என்று பெரியப்பாவிடமே கேட்டேன். "சொல்லுய்யா. நாலு பேராச்சும் பெட்டியத் தெறந்து பாக்கட்டும்," என்றார். "நீங்களும் வாங்க, முன்வரிசையில் இடம் போடுகிறேன்" என்றேன். மாட்டேன் என்றார்.

"நான் எங்கய்யா வர? பொழுது சாஞ்சா ஜமாலுக்குப் போன் போடணும். இன்னைக்கி நம்ம காட்டுல ரெண்டு தூத்தல் விழுந்துச்சு. அவன்ட்ட சொல்லணும்ல."

இந்த நேரம் சொல்லிக்கொண்டிருப்பார். இங்கே ஒருவர் பேச, அங்கே ஒருவர் கேட்க, பதில் வராத பேச்சு போய்க்கொண்டிருக்கும். உங்களுக்குப் பதில் சொல்ல இன்னும் வாயுள்ள ஒருவர் இருந்தால், அவரோடு வருத்தமும் இருந்தால், பஸ் ஏறுமுன் ஒரு போன் போடுங்கள். அது எந்தப் போனாகவும் இருக்கட்டும்.

இவ்வளவு நேரம் போனைப் பையில் போட்டுவிட்டு எனக்குக் காது கொடுத்த உங்களுக்கும், மணியை அடிக்க மனம் வராத நடுவருக்கும் நன்றி. தூறல் விழுந்த மண்ணின் பேரால் வணங்கி அமர்கிறேன்.