கூலாயில் திறந்த கதவு

குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாரு போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்ன ஒரு வரி என் தூக்கத்தைக் கலைத்தது.

“கதவத் தொறந்துட்டேண்ணே. ஒருத்தரும் இறங்கல.”

“எந்தக் கதவு?”

“நான் ஓட்டுற ஃபேக்டரி பஸ்தான். போன வாரம் அத வாடகைக்கு எடுத்தாங்க. படகுல தப்பிச்சு வந்த ரொஹிங்யா ஆளுங்கள ஒரு தடுப்பு முகாம்லருந்து இன்னொண்ணுக்கு மாத்தணுமாம்.”

“சரி.”

“கூலாய்ல எங்க ஃபேக்டரி வாசல் வந்ததும் கால் தானா பிரேக்க மிதிச்சிருச்சு. தினம் அங்கதான வேலையாளுங்கள இறக்குறேன் லா. கை கதவயும் தொறந்துருச்சு.”

“அலமாக்! ஓடிட்டாங்களா?”

“எங்க ஓடுறது? ஆம்பளைங்களுக்கு ரெண்டு ரெண்டு பேரா விலங்கு. காவலுக்கு வந்தவன் என்னப் பாத்துக் கத்துறான்.”

“அவங்க?”

“கதவுகிட்ட ஒரு பொம்பள, மடியில கைப்புள்ள. ஃபேக்டரியவே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் மலாய்ல கேட்டா, ‘இங்கதான் எங்களுக்கு வேலையா, அங்கிள்?’னு. முகமெல்லாம் சிரிப்பு.”

பெரியவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நீ என்ன சொன்ன?”

“கதவ மூடிட்டேண்ணே.”