மிச்சமிருந்த ஒரு தாடி

...இல்ல பாய், நீங்களே சொல்லுங்க. போட்டோவுல இருக்குற மூஞ்சிதான் நேர்லயும் இருக்கணும்னு ஒரு ஆபீசரு அடம்புடிச்சா மனுசன் என்ன செய்வான்? அந்தா போகுது பாருங்க கப்பலு. அந்தப் பொகைக்குக் கீழதான் நம்ம காலேசுப் பயலுக பதினோரு பேரும், பூமிநாதன் வாத்தியாரும், என் மேக்கப் பொட்டியும். நான் மட்டும் இந்தத் தனுஷ்கோடி மணல்ல ஒக்காந்து உங்க கருவாட்டுக் கூடைக்குக் காவலு.

பேரு கூத்தையா. ராமநாதபுரத்தச் சுத்தி எந்த ஊருல நாடகம்னாலும் வேஷம் போட்டுவிடுறது நாந்தான். நாளைக்குச் சாயந்தரம் யாழ்ப்பாணத்துல இந்தப் பயலுக நாடகம். அடியாருக கதை. வாத்தியாரு சொந்தமா எழுதுனது, ரெண்டு வருசமா அடிச்சு அடிச்சு எழுதுனாரு, பாவம். அங்கன நோட்டீசெல்லாம் ஒட்டிட்டாகளாம். இன்னைக்குக் கப்பல விட்டா அம்புட்டுத்தான்.

மண்டபம் கேம்புல தடுப்பு ஊசியெல்லாம் போட்டு, ஒரு வில்லங்கமும் இல்லாம வந்தோம் பாய். இங்கன வந்து, ஏறப்போற எடத்துல பாஸ்போட்டக் காட்டுறோம், ஆபீசரு ஒண்ணப் பிரிச்சாரு. உள்ள காரைக்காலம்மை. பேய் உருவத்துல. மொகமெல்லாம் கரி, பல்லு ரெண்டு வெளிய, தலமுடி விரிச்சுப்போட்டு... எதுக்க நிக்கிறது யாரு? அம்மை வேஷம் கட்டுற நம்ம சேதுமாணிக்கம். பவுடரு போட்டு, வகிடெடுத்து, மாப்பிள்ள கணக்கா. அவரு படத்தப் பாக்குறாரு, பயலப் பாக்குறாரு. அடுத்ததப் பிரிச்சா திருமூலரு, நெஞ்சு வரைக்கும் தாடி. அது நம்ம அப்துல் அஜீசு, மீசையே இப்பத்தான் அரும்புது. படத்துல இருக்குற ஆளக் கொண்டா விடுறேன், இல்லாட்டி எல்லாரும் அடுத்த ரயில்ல திரும்புங்கன்னுட்டாரு.

ஒத்திகை அன்னைக்கு வேஷத்தோடயே படம் புடிச்ச அந்தப் போட்டோக்காரனாவது சொல்லியிருக்க வேணாமா? பாஸ்போட்டுக்குத்தான்னு அவனுக்குத் தெரியுமில்ல? கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, 'சாமி, தாடையக் கொஞ்சம் தூக்குங்க'ன்னான். சாமியாம். சரி, இதுல முத்திர குத்துன மகராசனாவது பாத்தானா? அவனும் பாக்கல.

கூடைய இப்படித் தள்ளுங்க, காத்து உங்க பக்கமிருந்து வருது... ஆங்.

வாத்தியாரு மொகம் செத்துப்போச்சு பாய். அழுதுருவாரு போல. ஆபீசரு கேட்டாரில்ல படத்துல இருக்குற ஆள, கொண்டுபோயி நிறுத்துவோம்னு பொட்டியத் தொறந்துட்டேன். இந்த மணல்லதான், இந்த வெயில்லதான். மொதல்ல அம்மைக்குக் கரி. டீக்கடையில தோசக்கல்லு கரியவும் சொரண்டிக்கிட்டேன். அப்புறம் அஜீசுக்குத் தாடி. சேதுத் தீர்த்தத்துல குளிச்சுட்டு வந்த ஒரு வடக்கத்தி அம்மா அவன் கால்ல விழுந்து கும்பிட்டுச்சு. பய கூசிப்போயி ரெண்டு எட்டு பின்னால போனான் பாருங்க, பசை காயல, அடிச்சது ஒரு காத்து. தாடி போயிருச்சு. கடல்ல மெதந்து தலைமன்னாருப் பக்கம். பாஸ்போட்டு இல்லாமப் போனது அது ஒண்ணுதான்.

எங்கிட்ட எப்பவும் ரெண்டு தாடி இருக்கும். ஒண்ணு கிழிஞ்சா ஒண்ணு. ரெண்டாவத எடுத்து ஒட்டுனேன், தாடையப் புடிச்சுக்கிட்டே ஏத்திவிட்டேன். ஏலே, நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் எவனாவது மொகத்தக் கழுவுனீக, கொன்னுபுடுவேன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். எப்படித் தூங்குவாய்ங்களோ.

என்ன கேக்குறீக? நான் ஏன் ஏறலயா?

அது... அந்தத் தாடி எனக்கும் வேணும் பாய்.

சரி, உங்ககிட்டச் சொன்னா என்ன. ஒத்திகை அன்னைக்கு வாத்தியாரு சொல்லத்தான் செஞ்சாரு, மொகத்தக் கழுவிட்டு வந்து போட்டோவுக்கு நில்லுங்கடான்னு. நாந்தான் விடல. மூணு மணி நேரமாப் போட்ட வேஷம், எம்புட்டு லட்சணமா வந்திருந்துச்சு தெரியுமா? கலைக்க மனசு வரல. அப்படியே எடுங்க சார், அடியாருக போறாகன்னு அக்கரையில தெரியட்டுமேன்னேன். அதோட விட்டேனா? அடுத்தது என் மொறை. முப்பது வருசமா ஊரு மூஞ்சியெல்லாம் எழுதியாச்சு, என் மூஞ்சிய ஒருத்தரும் பாத்ததில்ல. பொட்டியில ரெண்டாவது தாடி சும்மா கெடந்துச்சு. எடுத்து ஒட்டிக்கிட்டேன். திருநீறும் பூசி, கண்ண லேசா மூடி... இந்தா, என் பாஸ்போட்டப் பாருங்க. பயப்படாமத் தொட்டுப் பாருங்க, நாந்தான்.

இருந்தது ஒரு தாடி, மொகம் ரெண்டு. ஏறுனதும் மேல இருந்து தாடிய வீசுறேண்ணேன்னான் அஜீசு. கப்பல்ல ஏறுற பலகைய எடுக்குற வரைக்கும் ஆபீசரு அங்கனயே நின்னாரு, எங்க வீசுறது? திருமூலரு இல்லாம நாடகம் இல்ல. நான் இல்லாட்டி நடக்கும்.

ரயிலு ஊதுது, உங்க வண்டிதான். எந்திரிங்க, கூடைய நான் தூக்கிவிடுறேன். இந்த ஒண்ண மட்டும் கேட்டுட்டுப் போங்க. கடைசியா ஆபீசரு என் பாஸ்போட்டப் பிரிச்சாரு. படத்தப் பாத்தவரு அப்படியே எந்திரிச்சு நின்னுட்டாரு பாய். கொரலே எறங்கிருச்சு. 'இந்தப் பெரியவர் எங்கப்பா?'ன்னு எங்கிட்டத்தான் கேக்குறாரு.

'அவரு வரலைங்க சார்'னு சொல்லிட்டு இங்கன வந்து ஒக்காந்துட்டேன்.